எல்லாம் தெரிந்த ஒருவரும் ஒன்று தெரிந்த பலரும்

லண்டனில் 1691 மார்ச் மாதம் ஜான் டன்டன் என்ற புத்தக வியாபாரி ஒரு புதுமாதிரிப் பத்திரிகையைத் தொடங்கினார். 'அதீனியன் மெர்க்குரி' என்று பெயர் பெற்ற அந்தத் தாளில் வாசகர் கேள்வியும் அதற்கான பதிலும்தான் சரக்கு. கேட்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காபி விடுதியின் முகவரிக்குக் கேள்வியை எழுதிப் போட்டால் போதும். ஆன்மாவைப் பற்றிய ஐயமும் கணிதப் புதிரும் காதல் சிக்கலும் இயற்கை பற்றிய சந்தேகமும் ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவும் இல்லாமல் அடுத்தடுத்து அச்சாயின. பதில் சொல்வது 'அதீனியன் சங்கம்' என்ற அறிஞர் குழு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. இளைஞராக இருந்த ஜோனதன் ஸ்விஃப்ட் அதை நம்பி அந்தச் சங்கத்தைப் புகழ்ந்து கவிதையே எழுதினார். உண்மையில் சங்கம் என்பது டன்டனும், அவருடைய சகலையான சாமுவேல் வெஸ்லியும், ரிச்சர்ட் சால்ட் என்ற கணித ஆசிரியரும்தான். அவ்வப்போது ஜான் நாரிஸ் என்ற தத்துவ அறிஞர் கைகொடுத்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய இந்தச் சிலர் உலகத்தின் எல்லாக் கேள்விகளுக்கும் விடை சொன்னார்கள். பத்திரிகை 1697 வரை ஓடியது.

இதே லண்டனில் 1849 நவம்பர் 3 அன்று வில்லியம் ஜான் தாம்ஸ் 'நோட்ஸ் அண்ட் குவெரீஸ்' என்ற வார இதழைத் தொடங்கியபோது ஏற்பாடு தலைகீழானது. அங்கே ஆசிரியர் பதில் சொல்லவில்லை. ஒரு வாசகர் கேட்டார். வேறொரு ஊரில் இருந்த, அவரை முன்பின் அறியாத இன்னொரு வாசகர் சொன்னார். மூன்றாமவர் அதைத் திருத்தினார். இந்த இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே உள்ள வேறுபாடு, முகமறியாதவர்களிடம் பொதுஅறிவுக் கேள்வி கேட்கும் வழக்கத்தை எடைபோடுவதற்கான உரைகல் என்று நினைக்கிறேன். தமிழ் இதழியல் பெரும்பாலும் முதல் வழியையே பின்பற்றியது. குமுதத்தின் 'அரசு பதில்கள்' அப்படி. ஜூனியர் விகடனில் சுஜாதா எழுதிய 'ஏன்? எதற்கு? எப்படி?' அப்படி. சுஜாதாவின் பதில்கள் ஒரு தலைமுறைக்கே அறிவியல் ஆர்வத்தை ஊட்டின. அந்தக் கொடையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அந்த அமைப்பில் வாசகர் கேட்பவராக மட்டுமே இருக்க முடியும். தறி நெய்பவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் தெரிந்தது பத்தியின் எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. கேள்விகள் கூடும் இடம் எத்தனை கலவையாக இருந்தாலும் நல்லது, பதில் சொல்பவர் எத்தனை குறுகிய எல்லைக்குள் நின்று சொல்கிறாரோ அத்தனை நல்லது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இணையம் இந்த இரண்டையும் ஒருங்கே சாத்தியமாக்கியது. இப்போது அதை நாம் கைநழுவ விட்டுக்கொண்டிருக்கிறோம்.

முகமறியாத கூட்டத்திடம் கேட்பதைப் பற்றிப் பேசும்போது 'கூட்டத்தின் ஞானம்' என்ற கருத்தை உடனே கொண்டுவருவார்கள். 1907இல் பிரான்சிஸ் கால்ட்டன் வெளியிட்ட கணக்கு அதற்கு ஆதாரம். பிளிமத் நகரின் கால்நடைக் கண்காட்சியில் ஒரு மாட்டின் இறைச்சி எடையை ஊகித்துச் சொன்ன 787 சீட்டுகளை அவர் ஆராய்ந்தார். நடுமதிப்பு 1,207 பவுண்டு, உண்மை எடை 1,198 பவுண்டு. அழகான முடிவுதான், ஆனால் பொதுஅறிவுக் கேள்விக்கு அது பொருந்தாது. ஒரு பழைய நாணயத்தில் உள்ள முத்திரை எந்த அரசருடையது என்று ஆயிரம் பேரிடம் கேட்டு விடைகளுக்குச் சராசரி காண முடியாது. அங்கே நடப்பது தேடல். ஆயிரம் பேரில் விஷயம் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் யார் என்று கேட்பவருக்குத் தெரியாது. பொதுவில் கேட்கும்போது அவரைத் தேடும் வேலை கேட்பவரிடமிருந்து கழன்று, கேள்வியே தனக்கு உரியவரைப் போய்ச் சேர்கிறது. டேவிட் கான்ஸ்டன்ட், லீ ஸ்ப்ரவுல், சாரா கீஸ்லர் மூவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துலக்கமாகக் காட்டியது. உலகெங்கும் கிளைகள் கொண்ட ஒரு கணினி நிறுவனத்தில், 'இது யாருக்காவது தெரியுமா' என்று ஊழியர்கள் எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பும் பழக்கம் இருந்தது. கேட்டவரைப் பார்த்தே இராத, அவரிடமிருந்து எந்தக் கைம்மாறும் எதிர்பார்க்க முடியாத ஊழியர்கள் வேறு நாடுகளிலிருந்து விடை எழுதினார்கள். அந்த விடைகள் சிக்கலைத் தீர்க்கவும் செய்தன. நெருங்கியவர்களிடம் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் நமக்கு முன்பே தெரிந்தது. அவர்கள் படித்ததும் பார்த்ததும் நாம் படித்ததும் பார்த்ததும்தானே.

இடம் கலவையாக இருக்க வேண்டும் என்பதற்கு இன்னும் வலுவான சான்று உண்டு. அலாஸ்காவில் 1989இல் எக்சான் வால்டெஸ் கப்பல் உடைந்து கொட்டிய எண்ணெயைப் போன்ற கசிவுகளை அள்ளும்போது, எண்ணெயும் நீரும் கலந்த குழம்பு குளிரில் இறுகிப்போய்ப் படகிலிருந்து இறைக்க முடியாமல் போகிறது. எண்ணெய்த் துறையினரைத் திணறடித்த இந்தச் சிக்கலை அங்குள்ள ஆய்வு நிறுவனம் இன்னோசென்டிவ் என்ற இணையதளத்தில் எல்லாருக்கும் பொதுவாக வைத்தது. 2007இல் ஜான் டேவிஸ் என்ற வேதியியலாளர் விடை சொல்லி 20,000 டாலர் பரிசு பெற்றார். அவர் எண்ணெய்த் துறைக்காரர் அல்லர். கான்கிரீட் போடும்போது அது இறுகிவிடாமல் இருக்க உள்ளே விடும் அதிர்வுக் கருவியை அவர் அறிந்திருந்தார். எண்ணெய்க்கும் அதையே செய்யலாம் என்றார். இது தற்செயல் என்று தள்ள முடியாது. அதே தளத்தில் வைக்கப்பட்ட 166 சிக்கல்களை ஆராய்ந்து லார்ஸ் போ யெப்பசென், கரீம் லக்கானி இருவரும் 2010இல் எழுதிய கட்டுரை, சிக்கலின் துறைக்கும் தீர்ப்பவரின் துறைக்கும் தொலைவு கூடக் கூட வெல்லும் வாய்ப்பும் கூடியதைக் கண்டது. அறிவியல் வட்டாரத்தின் நடுமையத்திலிருந்து ஒதுக்கப்பட்டிருந்த பெண் விஞ்ஞானிகளும் எதிர்பார்ப்பை மிஞ்சி வென்றிருந்தார்கள்.

இணையத்துக்கு முன்பே தமிழ்ப் பதிப்பு வரலாறு இதை அறிந்திருந்தது. சேலம் இராமசாமி முதலியார் 1880இல் கேட்ட கேள்விகளால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்த உ.வே. சாமிநாதையர், தான் பயின்ற சைவப் புலமை மரபில் அதன் சமணக் கருத்துகளுக்கு விளக்கம் கிடைக்காமல் தவித்தார். விளக்கம் கும்பகோணத்திலேயே இருந்த சமண இல்லறத்தாரிடம் இருந்தது. அவர் போன வீட்டில், நாள்தோறும் படித்துவந்த சிந்தாமணிப் பாராயணம் நிறைவேறிய விழா நடந்துகொண்டிருந்தது. பெரும் புலவர்கள் பெயரளவில் அறிந்திருந்த நூலைச் சில தெருக்களுக்கு அப்பால் ஒரு குடும்பம் வழிபாட்டு நூலாக ஓதிக்கொண்டிருந்தது. 1887இல் அச்சேறிய பதிப்பு, புலமைத் துறையில் பெயர் வாங்காத அந்த மனிதர்களின் பதில்களுக்கும் கடன்பட்டது. ஆங்கிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் கதையும் இப்படித்தான். 1879இல் ஜேம்ஸ் முர்ரே ஆங்கிலம் படிக்கும் எல்லாருக்கும் பொது வேண்டுகோள் விடுத்தார். பழைய நூல்களில் சொற்கள் ஆளப்பட்ட இடங்களை எழுதி அனுப்பச் சொன்னார். ஆயிரக்கணக்கில் அனுப்பியவர்களில் ஒருவரான வில்லியம் மைனர், கொலைக் குற்றத்துக்குப் பின் பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தார். தன்னிடமிருந்த நூல்களுக்குச் சொல்லடைவு எழுதி வைத்துக்கொண்டு, ஆசிரியர் குழு அப்போது எந்தச் சொல்லில் வேலை செய்கிறது என்று கேட்டறிந்து, அந்தச் சொல்லுக்கான மேற்கோள்களை அனுப்பினார். எந்தத் தேர்வுக் குழுவும் அவரைத் தேர்ந்தெடுத்திருக்காது.

முகமறியாதவர் சொல்வதை எப்படி நம்புவது என்ற மறுப்பு நியாயமானது. பொய்யும் அரைகுறையும் வேண்டுமென்றே செய்யும் குறும்பும் பொது இடத்தில் உண்டு. ஆனால் இந்தக் கேள்வியை ஊகத்துக்கு விடாமல் ஆராய்ந்திருக்கிறார்கள். மேக்ஸ்வெல் ஹார்ப்பரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் பல வகையான கேள்வி-பதில் சேவைகளிடம் கேள்விகள் கேட்டுப் பதில்களை ஒப்பிட்டார்கள். காசு கொடுத்துக் கேட்கும் கூகுள் ஆன்சர்ஸ் பதில்கள் தரத்தில் முந்தின; கூடுதல் தொகை கூடுதல் தரத்தைத் தந்தது. வியப்பு அடுத்த முடிவில் இருக்கிறது: யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம் என்றிருந்த யாஹூ ஆன்சர்ஸ், நூலகங்களின் தகவல் சேவை போலக் குறிப்பிட்ட சிலரையே நம்பியிருந்த அமைப்புகளை விஞ்சியது. நூலகர்கள் திறமை குறைந்தவர்கள் என்பது இதன் பொருள் அல்ல. எத்தனை திறமையானவராக இருந்தாலும் ஒருவர் எல்லாத் துறைக்கும் ஈடுகொடுக்க முடியாது. கூட்டத்தில் அந்தந்தக் கேள்விக்கு உரியவர் வந்து நிற்கிறார். இதே ஆண்டில் லாடா அடாமிக் குழுவினர் யாஹூ ஆன்சர்ஸ் பதிவுகளை ஆராய்ந்தபோது, உறுதியான விடை உள்ள தொழில்நுட்ப வகைக் கேள்விகளில், சில தலைப்புகளுக்குள்ளேயே நின்று பதில் எழுதியவர்களின் விடைகளே அடிக்கடி சிறந்தவையாகத் தேர்வானதைக் கண்டார்கள். அரட்டையும் கருத்தும் கலந்த பிரிவுகளில் இந்தத் தொடர்பு தென்படவில்லை. ஆக, ஒரு பதிலை நம்பலாமா என்று பார்க்கும்போது அதை எழுதியவரின் புகழைவிட, அவர் எந்தெந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் விட்டார் என்பதைப் பார்ப்பது பயன் தரும். உடல்நலக் கோளாறுக்கும் வழக்குக்கும் இந்த வழி போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே பதில் தவறினால் திருத்தம் வரும்வரை நோயாளி காத்திருக்க முடியாது.

தானே தேடிப் படிக்கச் சோம்பல்பட்டவர்கள்தான் பிறரைக் கேட்கிறார்கள் என்பது இன்னொரு மறுப்பு. யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களின் காலத்திலேயே இந்த எரிச்சல் இருந்தது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதில் தொகுத்து வைக்கும் வழக்கம் அதனால்தான் வலுப்பட்டது. ஆனால் எல்லாரும் அளவுக்கு மீறிக் கேட்கிறார்கள் என்ற எண்ணத்துக்குச் சான்று எதிராக இருக்கிறது. ஃபிராங்க் ஃபிளின், வனெசா லேக் இருவரும் 2008இல் வெளியிட்ட சோதனைகளில், முன்பின் அறியாதவர்களை அணுகிச் சிறு உதவி கேட்கும்படி மாணவர்களை அனுப்பினார்கள். 5 பேரிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்க ஏறத்தாழ 20 பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று போகுமுன் கணித்தவர்கள், ஏறத்தாழ 10 பேரைக் கேட்டதிலேயே வேலையை முடித்தார்கள். பிறர் உதவ மாட்டார்கள் என்ற நம் கணிப்பு உண்மையைப் போல் இரு மடங்கு கசப்பானது. நம் பள்ளிகளில் கேள்வி கேட்ட பிள்ளையை 'இதுகூடத் தெரியாதா' என்று உட்கார வைக்கும் பழக்கம் இந்தத் தயக்கத்தை இன்னும் இறுக்குகிறது. கேட்காமல் போன கேள்விகளால் நேர்ந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராது.

இன்றைய மறுப்பு இவற்றைவிடக் கனமானது. சாட்ஜிபிடி போன்ற செயலிகள் நொடியில் விடை தரும்போது முகமறியாத மனிதருக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? பல நூல்களிலும் பக்கங்களிலும் எழுதித் தீர்த்துவிட்ட விஷயங்களுக்கு அது நல்ல வழிதான். தாவரம் எப்படி உணவு தயாரிக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. இடர் வேறிடத்தில் இருக்கிறது. தஞ்சைப் பகுதியில் ஒரு வீட்டுப் பெட்டியில் பழைய பத்திரம் கிடைக்கிறது, நிலத்தின் அளவு 3 மா 20 குழி என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாய்பாடு எல்லாருக்கும் கிடைப்பது: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. குழியை 12 அடிக் கோலின் சதுரமாக, அதாவது 144 சதுர அடியாகக் கொண்டால் நிலம் 46,080 சதுர அடி, ஏறத்தாழ 1 ஏக்கர் 6 சென்ட். ஆனால் கோல் எல்லா ஊரிலும் ஒரே நீளத்தில் இருந்ததில்லை. கல்வெட்டுகளிலேயே 12 சாண் கோலும் வருகிறது, 16 சாண் கோலும் வருகிறது. அந்த ஊரில் 16 அடிக் கோல் வழங்கியிருந்தால் அதே பத்திரத்தின் நிலம் 1 ஏக்கர் 88 சென்ட் ஆகிவிடும். எந்தக் கோல் என்பதை அந்த வட்டாரத்தின் பழைய கர்ணம் குடும்பத்தவரோ, ஓய்வுபெற்ற நில அளவையாளரோ, பத்திர எழுத்தரோ சொல்ல முடியும். எழுதப்படாத ஒன்றைச் செயலி கற்றிருக்க முடியாது. அது 144ஐயே உறுதியான குரலில் சொல்லும் வாய்ப்பு அதிகம். சரியாகச் சொல்லும்போதும் தவறாகச் சொல்லும்போதும் அதன் குரல் ஒன்றுதான். டன்டனின் சங்கத்தைப் போலவே அது எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறது. பொது இடத்தில் கேட்டிருந்தால் 'எங்கள் ஊர்ப் பக்கம் கோல் வேறு' என்று ஒருவர் குறுக்கிட்டிருப்பார். தனியாகச் செயலியிடம் கேட்கும்போது குறுக்கிட யாரும் இல்லை.

இந்த மாற்றத்தின் விலை கணக்கிடப்பட்டிருக்கிறது. 2008இல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, நிரல் எழுதுபவர்கள் முகமறியாத சக நிரலாளர்களிடம் கேட்டுப் பதில் பெறும் தளம். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. 2024இல் வந்த ஓர் ஆய்வு, அதன் பயன்பாடு குறைவாக இருந்த ரஷ்ய, சீனத் தளங்களோடு ஒப்பிட்டு, ஆறு மாதத்துக்குள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எழுதப்படுவது ஏறத்தாழ 25 விழுக்காடு சரிந்ததாகக் கண்டது. நின்றுபோனவை அற்பக் கேள்விகள்தானே என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. புதியவர்கள், அனுபவசாலிகள் இரு தரப்பிலும் சரிவு இருந்தது, மிஞ்சியவற்றின் சராசரித் தரம் உயரவும் இல்லை. மனிதர்கள் பொதுவில் எழுதி வைத்த இத்தகைய பதில்களைப் படித்துத்தான் இந்தச் செயலிகள் கற்றன. பொதுவில் எழுதுவது நின்றால், நாளை புதிதாகத் தோன்றும் சிக்கலுக்கு அவை எதிலிருந்து கற்கும்?

ஆங்கிலத்தில் ஏற்கெனவே குவிந்திருப்பது சில காலம் தாங்கும். தமிழில் அந்த இருப்பு இல்லை. இங்கே கொரியாவின் அனுபவம் கவனிக்கத் தக்கது. 2002இல் கொரிய மொழியில் இணையப் பக்கங்கள் குறைவாக இருந்ததால் தேடுபொறிக்குத் தேடிக் காட்ட ஒன்றும் அகப்படவில்லை. நேவர் நிறுவனம் அந்த ஆண்டு அக்டோபரில் 'ஜிசிக்-இன்' என்ற சேவையைத் தொடங்கி, மக்களே கேட்கவும் மக்களே பதில் சொல்லவும் வழிசெய்தது. சமையல் முதல் அரசு அலுவலக நடைமுறை வரை கேள்விகள் குவிந்தன. பதில்கள் தேடல் முடிவுகளில் வந்தன. தன் நாட்டில் கூகுளை முந்தி நிற்கும் தேடுபொறியாக நேவர் வளர்ந்ததற்கு அது பெரும் காரணம். எழுத்து குறைவாக இருந்த மொழிக்கு எழுத்தைத் தேடித் தந்தது சாதாரண மனிதர்களின் கேள்விகள்தான். தமிழில் கேட்கும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நம் கேள்விகளில் மிகப் பல வாட்ஸ்அப் குழுக்களுக்குள் கேட்கப்படுகின்றன. பயிரின் மஞ்சள் நோய்க்கு மருந்து, வம்சாவளிச் சான்றிதழுக்கு வழி, கோயில் சிற்பத்தின் பெயர் என்று அருமையான பதில்கள் அங்கே வருகின்றன. மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகின்றன. எந்தத் தேடுபொறியும் அவற்றை எட்டுவதில்லை. அதே கேள்வியை அடுத்த மாதம் இன்னொருவர் இன்னொரு குழுவில் முதலிலிருந்து கேட்கிறார். உறவுக் குழு, பள்ளித் தோழர் குழு, சாதிச் சங்கக் குழு என்று ஒரே வார்ப்பான கூட்டங்களாகவே அவை இருப்பதால், ஜான் டேவிஸ் போல வேறு துறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்க்கும் வாய்ப்பும் அடைபட்டுவிடுகிறது.

திறந்த இடத்தில் கேட்டால் மட்டும் போதாது. எழுதியது நிலைக்க வேண்டும். யாஹூ ஆன்சர்ஸ் 2021 மே 4 அன்று மூடப்பட்டபோது, 2005 முதல் கோடிக்கணக்கானவர்கள் எழுதியது தளத்திலிருந்து அகற்றப்பட்டது. தன்னார்வலர்கள் முந்திக்கொண்டு நகலெடுத்ததே எஞ்சியது. கூகுள் ஆன்சர்ஸ் 2006 இறுதியில் புதிய கேள்விகளை நிறுத்தினாலும் பழைய பக்கங்களைப் படிக்க விட்டுவைத்தது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பதில்கள் யார் வேண்டுமானாலும் பெயர் குறிப்பிட்டு நகலெடுக்கலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், அந்த நிறுவனமே நாளை மறைந்தாலும் அவை பிழைக்கும். தமிழில் இப்படி ஓர் இடத்தை நடத்தத் தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற பொது நிறுவனத்துக்கோ ஒரு பல்கலைக்கழகத்துக்கோ பெரும் பொருட்செலவு ஆகாது. துறைவாரியாகக் கூறுபோடாமல் எல்லாக் கேள்வியும் ஒரே முற்றத்தில் வந்து விழ வேண்டும். பதில் எழுதுபவர் எந்த ஊர், என்ன தொழில், இதை எப்படி அறிந்தார் என்ற மூன்றையும் பதிலோடு சொல்ல வேண்டும். திருத்தங்கள் பழைய பதிலை அழிக்காமல் அதன் கீழேயே நிற்க வேண்டும். மொத்தமும் திறந்த உரிமத்தில் ஆண்டுதோறும் நகலாக வெளியிடப்பட வேண்டும். பழைய கோல் அளவுகளை வேலையில் கையாண்ட கர்ணங்களும் அளவையாளர்களும் இன்று முதியவர்கள். கைப்பேசியில் தமிழ்த் தட்டச்சு வராதவர்களுக்குக் குரல்பதிவாகப் பதில் சொல்லும் வசதியையும் முதல் நாளிலேயே வைத்தாக வேண்டும்.